குட்டி டிராகன்களின் குமிழிக் கணக்கு

பஸில் பாபுள், ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 1994-ல் வெளியிட்ட ஆர்கேட் வீடியோ கேம். திரையின் மேற்பகுதியில் வண்ணக் குமிழிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். கீழே குட்டி டிராகன்கள் ஓர் ஏவுகருவியை இயக்கிக்கொண்டிருக்கும். அதிலிருந்து கிளம்பும் குமிழி மேலே போய் ஒட்டிக்கொள்ளும். ஒரே நிறத்தில் மூன்று அல்லது அதற்கு மேல் சேர்ந்தால் அவை வெடிக்கும். தொங்குபவை எல்லாம் தீர்ந்தால் சுற்று முடிந்தது. வட அமெரிக்காவில் இது 'பஸ்ட்-எ-மூவ்' என்ற பெயரில் வந்தது. இன்று கைப்பேசிகளில் 'பபுள் ஷூட்டர்' என்று தேடினால் வரிசைகட்டி வரும் விளையாட்டுகள் அனைத்தும் இதன் வழிவந்தவை.

முப்பது ஆண்டுகள் கடந்த பிறகும் இந்தப் பழைய விளையாட்டு ஆடப்படுகிறது. அதைப் பார்த்தவர்கள் முதலில் சொல்வது 'க்யூட்டாக இருக்கிறது' என்பதுதான். அது உண்மை. ஆனால் அழகாக இருந்த எத்தனையோ விளையாட்டுகள் ஒரு வருடம்கூடத் தாங்காமல் மறைந்துபோயிருக்கின்றன. பஸில் பாபுள் நிலைத்ததற்குக் காரணம், அதில் அழகும் விதியும் தனித்தனியாக இல்லை என்பதே. கண்டிப்பான ஒரு வடிவியல் கணக்கைச் சிறு குழந்தைக்கும் புரியவைக்கும் வேலையை அந்த அழகே செய்கிறது. அது எப்படி என்பதைப் பார்க்க, அந்த டிராகன்கள் எங்கிருந்து வந்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

குமிழி ஊதிய சகோதரர்கள்

டைட்டோ 1953-ல் டோக்கியோவில் தொடங்கப்பட்ட நிறுவனம். ஒடெஸாவில் பிறந்து ஜப்பானில் குடியேறிய மைக்கேல் கோகன் என்ற தொழிலதிபர் அதன் நிறுவனர். காசு போட்டால் பொருள் தரும் இயந்திரங்கள், ஜூக் பாக்ஸ் என்று வளர்ந்து, பிறகு ஆர்கேட் விளையாட்டுகளுக்கு வந்தது. 1978-ல் தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' அந்த நிறுவனத்தை உலகுக்கு அறிமுகம் செய்தது. மேலிருந்து வரிசை வரிசையாக இறங்கி வரும் எதிரிகளைக் கீழே நின்று சுட்டு வீழ்த்தும் அந்த ஆட்டம், வீடியோ கேம் தொழிலின் போக்கையே மாற்றியது.

1986-ல் இரண்டு முக்கியமான விளையாட்டுகள் டைட்டோவிலிருந்து வந்தன. ஒன்று 'ஆர்க்கனாய்டு'. கீழே இருக்கும் மட்டையால் பந்தைத் தட்டி, சுவர்களில் பட்டுத் திரும்பவைத்து, மேலே அடுக்கிய செங்கற்களை உடைக்க வேண்டும். இன்னொன்று 'பபுள் பாபுள்'. இதை வடிவமைத்தவர் ஃபுக்கியோ மிட்சுஜி. சபிக்கப்பட்டு டிராகன்களாக மாறிவிட்ட இரண்டு சகோதரர்கள், தங்கள் காதலிகளை மீட்க 100 தளங்களைக் கடந்து போகும் கதை அது. பச்சை நிறத்தவன் பப், நீல நிறத்தவன் பாப். வாயிலிருந்து குமிழி ஊதி எதிரிகளை அதற்குள் அடைப்பதும், பிறகு அந்தக் குமிழியை உடைப்பதும் அவர்களுடைய ஆயுதம்.

குமிழியை மிட்சுஜி தேர்ந்தெடுத்ததற்கு ஒரு நோக்கம் இருந்தது. அன்றைய ஆர்கேட் கூடங்களில் விண்வெளிப் போரும் துப்பாக்கியும்தான் நிறைந்திருந்தன. பெண்களும் ரசிக்கும்படியான ஒன்று வேண்டும் என்று அவர் நினைத்தார். இதே எண்ணத்துடன் 1980-ல் தோரு இவதானி 'பேக்-மேன்' விளையாட்டை உருவாக்கியிருந்தார். மிட்சுஜியின் விளையாட்டில் இருவர் சேர்ந்து ஆடினால்தான் உண்மையான முடிவு கிடைக்கும். தனியாக ஆடி 100-வது தளத்தை முடித்தவருக்கு, நண்பரோடு மீண்டும் வரச் சொல்லும் செய்தி காத்திருக்கும். துணையோடு ஆடுவதையே நிபந்தனையாக வைத்த விளையாட்டு அது. மிட்சுஜி 2008-ல் காலமானார். அவர் வரைந்த டிராகன்கள் இன்னமும் டைட்டோவின் அடையாளச் சின்னங்களாக இருக்கின்றன.

புதிர் விளையாட்டுகள் ஆர்கேடுக்கு வந்த கதை

பஸில் பாபுள் வந்தபோது புதிர் விளையாட்டு என்ற வகை ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய 'டெட்ரிஸ்', 1988-ல் ஜப்பானிய ஆர்கேட் கூடங்களுக்கு செகா நிறுவனத்தின் மூலம் வந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. 1990-ல் மூன்று ஒரே நிற ரத்தினங்களைச் சேர்க்கும் 'காலம்ஸ்' வந்தது. கம்பைல் நிறுவனம் 1991-ல் வீட்டுக் கருவிகளுக்கு வெளியிட்ட 'புயோ புயோ', அடுத்த ஆண்டு ஆர்கேடுக்கு வந்து, இருவர் எதிரெதிராக மோதும் புதிர் விளையாட்டுக்கு வழிகாட்டியது.

அதே காலத்தில் 1991-ல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' ஆர்கேட் கூடங்களை ஆட்கொண்டிருந்தது. அதைத் தொடர்ந்து சண்டை விளையாட்டுகள் குவிந்தன. சிக்கலான பட்டன் வரிசைகளை மனப்பாடம் செய்தவர்கள்தான் அங்கே தாக்குப்பிடிக்க முடியும். புதிதாக உள்ளே வருபவர் 100 யென் நாணயம் போட்டு ஒரு நிமிடத்தில் தோற்று வெளியேறுவது சாதாரணமாக நடந்தது. அந்தக் கூட்டத்தின் நடுவே, ஒரு ஜாய்ஸ்டிக், ஒரு பட்டன், இரண்டு குட்டி டிராகன்கள் என்று வந்து நின்றது பஸில் பாபுள்.

1994-ன் நடுவில் அது முதலில் டைட்டோவின் சொந்த ஆர்கேட் பலகையில் வந்தது. அதே ஆண்டின் இறுதியில் எஸ்.என்.கே நிறுவனத்தின் நியோ ஜியோ அமைப்புக்கு மாற்றப்பட்டது. உலகப் புகழுக்கு அடித்தளம் போட்டது இந்த இரண்டாவது வடிவம்தான். நியோ ஜியோவில் விளையாட்டு ஒரு கார்ட்ரிட்ஜாக வரும். கடைக்காரர் முழு இயந்திரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. பழைய கார்ட்ரிட்ஜைக் கழற்றிப் புதியதைச் செருகினால் போதும். ஒரே பெட்டிக்குள் பல விளையாட்டுகளை வைக்கவும் முடியும். சண்டை விளையாட்டுகளுக்காக வாங்கப்பட்ட பெட்டிகளில் பஸில் பாபுளும் ஓர் இடம் பிடித்துக்கொண்டது.

இதன் அமைப்பை உற்றுப் பார்த்தால் டைட்டோவின் முந்தைய வரலாறு முழுவதும் தெரிகிறது. கீழே நின்று மேல்நோக்கிச் சுடுவதும், ஆபத்து மேலிருந்து இறங்குவதும் ஸ்பேஸ் இன்வேடர்ஸில் இருந்தவை. சுவரில் பட்டுத் திரும்புவது ஆர்க்கனாய்டில் இருந்தது. ஒரே நிறத்தில் மூன்றைச் சேர்ப்பது மட்டும் வெளியே, காலம்ஸ் வகையறாவிலிருந்து வந்தது. டிராகன்களும் குமிழிகளும் பபுள் பாபுளிலிருந்து வந்தவை. பழகிய நான்கு சரக்குகள் ஒன்றாகச் சேர்ந்தபோது, அதுவரை யாரும் பார்த்திராத ஒரு விளையாட்டு கிடைத்தது.

ஆடும் விதம்

ஜாய்ஸ்டிக்கை இடமும் வலமும் அசைத்தால் அம்புக்குறி திரும்பும். பட்டனை அழுத்தினால் குமிழி கிளம்பும். செய்ய வேண்டியது அவ்வளவுதான். மொத்தம் எட்டு நிறங்கள். அடுத்து வரப்போகும் குமிழியின் நிறம் பக்கத்திலேயே தெரியும் என்பதால் இரண்டு நகர்வுகளைச் சேர்த்துத் திட்டமிடலாம்.

ஏவிய குமிழிக்கு எடை கிடையாது. நேர்கோட்டில், ஒரே வேகத்தில் போகும். பக்கச் சுவரில் பட்டால் திரும்பும். வேறொரு குமிழியையோ கூரையையோ தொட்ட இடத்தில் நின்றுவிடும். ஒரே நிறத்தில் மூன்று சேராவிட்டால் அது அங்கேயே ஒட்டி, புதிய தடையாகிவிடும். தவறவிட்ட குறி எதுவும் வீணாகக் காற்றில் போவதில்லை. அது கண்ணெதிரே தொங்கிக்கொண்டு நிற்கும். தன் தவற்றைத் தானே சரிசெய்ய வேண்டிய நிலை ஆடுபவருக்கு ஒவ்வொரு நொடியும் உண்டு.

நெருக்கடி இரண்டு வழிகளில் வருகிறது. அதிகம் யோசித்துக்கொண்டிருந்தால் குமிழி தானாகவே கிளம்பிவிடும். அது தவிர, குறிப்பிட்ட எண்ணிக்கையில் குமிழிகளை ஏவியதும் கூரையே ஒரு படி கீழே இறங்கும். தொங்கும் குமிழிகள் கீழே உள்ள எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஆட்டம் முடிந்தது. முதல் நெருக்கடி 'சீக்கிரம் முடிவெடு' என்கிறது. இரண்டாவது 'வீணாக ஏவாதே' என்கிறது. வேகம், சிக்கனம் இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்பதால்தான், எட்டு நிறக் குமிழிகளை மட்டும் வைத்துக்கொண்டு இந்த விளையாட்டால் உள்ளங்கையில் வியர்வை வரவைக்க முடிகிறது.

அறுங்கோண அடுக்கும் அறுந்து விழும் கொத்தும்

குமிழிகள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தில்தான் இந்த விளையாட்டின் உயிர் இருக்கிறது. ஒரு வரிசையில் 8 குமிழிகள், அடுத்த வரிசையில் 7, மறுபடியும் 8 என்று மாறி மாறி வரும். மேல்வரிசையின் இரண்டு குமிழிகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் கீழ்வரிசைக் குமிழி பொருந்தி உட்காரும். கணிதத்தில் இது அறுங்கோண அடுக்கு. தேன்கூட்டின் அறைகளும் இதே அமைப்பில் இருக்கின்றன. சம அளவு வட்டங்களை ஒரு தளத்தில் இதைவிட நெருக்கமாக அடுக்க முடியாது. பரப்பில் சுமார் 90.7 சதவீதம் நிரம்பிவிடும். சதுரக் கட்டங்களில் அடுக்கினால் சுமார் 78.5 சதவீதம்தான் நிரம்பும்.

இந்த அமைப்பில் நடுவில் இருக்கும் ஒரு குமிழியை ஆறு குமிழிகள் தொடுகின்றன. மேலே இரண்டு, பக்கத்தில் இரண்டு, கீழே இரண்டு. சதுரக் கட்டத்தில் நான்கு அயல்கள்தான் இருக்கும். இரண்டு கூடுதல் அயல்கள் என்பது சிறிய வித்தியாசம்போலத் தோன்றும். ஆனால் ஒரு நிறத்தைச் சேர்ப்பதற்கான வழிகள் அதனால் பெருகுகின்றன. எந்தத் திசையிலிருந்து வந்தாலும் குமிழி ஒரு பள்ளத்தைத் தேடி உட்கார்ந்துவிடும். குறி சற்றுத் தவறினாலும் அது வேண்டிய இடத்துக்கே போய்ச் சேர வாய்ப்புண்டு.

இனி வருவதுதான் முக்கியமான விதி. கூரையோடு ஏதாவது ஒரு வழியில் தொடர்பு இருக்கும்வரைதான் குமிழி தொங்கும். மேலே தாங்கிக்கொண்டிருப்பவை வெடித்துவிட்டால், கீழே உள்ளவை என்ன நிறமாக இருந்தாலும் அறுந்து விழுந்துவிடும். ஓர் உதாரணம். கூரையை ஒட்டி இரண்டு மஞ்சள் குமிழிகள் இருக்கின்றன. அவற்றின் கீழே சிவப்பும் நீலமும் பச்சையுமாக 12 குமிழிகள் தொங்குகின்றன. அந்தப் பன்னிரண்டையும் நிறம் நிறமாக வெடிக்கப் பார்த்தால் பல குமிழிகளைச் செலவிட வேண்டும். அதற்குள் கூரை இறங்கிவிடும். ஆனால் சுவர் ஓரமாக ஒரே ஒரு மஞ்சள் குமிழியை நழுவவிட்டு அந்த இரண்டோடு சேர்த்தால், மூன்று மஞ்சளும் வெடிக்கும். மறுகணம் பன்னிரண்டும் மொத்தமாகச் சரிந்து விழும்.

புள்ளிக் கணக்கும் இதைத்தான் போற்றுகிறது. வெடிக்கும் குமிழி ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி. அறுந்து விழுபவற்றுக்குக் கணக்கு வேறு. ஒன்று விழுந்தால் 20, இரண்டு விழுந்தால் 40, மூன்று விழுந்தால் 80 என்று ஒவ்வொரு கூடுதல் குமிழிக்கும் இரட்டிப்பாகும். ஐந்து விழுந்தால் 320. பத்து விழுந்தால் 10,240. மேலே சொன்ன உதாரணத்தில் மூன்று மஞ்சளுக்குக் கிடைப்பது 30 புள்ளி. விழுந்த பன்னிரண்டுக்குக் கிடைப்பது 40,960. உச்சவரம்பு 17 குமிழிகள்: 13,10,720 புள்ளி. சுற்றை 5 நொடிக்குள் முடித்தால் கிடைக்கும் போனஸ் 50,000 என்பதோடு ஒப்பிட்டால் இந்த எண்ணின் அளவு புரியும்.

ஆக, ஒரு நிறத்தைச் சேர்க்கக் கற்றவர் இந்த விளையாட்டில் தொடக்கநிலையில் இருக்கிறார். எதை வெடித்தால் எது விழும் என்று பார்க்கக் கற்றவர்தான் அதை ஆடத் தொடங்குகிறார். முதல் நாணயத்திலேயே முன்னதைக் கற்றுவிடலாம். பின்னது வளர்ந்துகொண்டே போகும். கற்க எளிதாகவும் தேற அரிதாகவும் இருப்பதே நல்ல ஆர்கேட் விளையாட்டின் இலக்கணம் என்றால், அதற்கு இந்த ஒரு விதி போதுமான சான்று.

சுவரில் பட்டுத் திரும்பும் குறி

நேராகக் குறி வைக்க முடியாத இடத்தில் நல்ல இலக்கு மறைந்திருக்கும். அங்கே சுவர் கைகொடுக்கிறது. கேரம் ஆடிப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. நேர்வழி அடைபட்டிருக்கும்போது ஸ்ட்ரைக்கரைப் பக்கக் கட்டையில் அடித்துத் திருப்பிக் காயை விழவைப்பது போலத்தான் இதுவும். படும் கோணமும் திரும்பும் கோணமும் சமம் என்ற பள்ளிப் பாடம் இங்கே அப்படியே பொருந்துகிறது.

தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஒரு கண்ணாடி உத்தியைப் பயன்படுத்துகிறார்கள். சுவரை நிலைக்கண்ணாடியாக நினைத்துக்கொண்டு, அடைய வேண்டிய இடத்தின் பிம்பம் சுவருக்கு அப்பால் எங்கே விழும் என்று கணிக்கிறார்கள். அந்தப் பிம்பத்தை நோக்கி நேராகக் குறி வைத்தால், சுவரில் பட்ட குமிழி உண்மையான இடத்துக்குப் போய்ச் சேரும். கணிதம் தெரியாத சிறுவனும் பத்துப் பதினைந்து சுற்றுகளில் இதைக் கையால் கற்றுக்கொள்கிறான். காற்றில்லை, எடையில்லை, ஏவிய பிறகு அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை. எந்தக் குமிழி அடுத்து வரும் என்பதில் மட்டும்தான் அதிர்ஷ்டம் இருக்கிறது. அது எங்கே போகும் என்பது முழுக்க ஆடுபவரின் கையில். தோற்றவர் இயந்திரத்தைக் குறைசொல்லாமல் இன்னொரு நாணயத்தைத் தேடுவதற்கு இந்த நேர்மைதான் காரணம்.

அழகு செய்யும் வேலை

ஒரு குட்டி முகம் ஏன் மனதை இளக்குகிறது என்பதற்கு ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரென்ஸ் 1943-ல் ஒரு விளக்கம் தந்தார். உடலைவிடப் பெரிய தலை, அகன்ற கண்கள், உப்பிய கன்னம், குட்டையான கைகால் ஆகியவை குழந்தையின் அடையாளங்கள். இவற்றைக் கண்டதும் பராமரிக்கும் உணர்வு இயல்பாகவே எழுகிறது என்றார். பப், பாப் இருவரின் உருவமும் இந்தப் பட்டியலுக்கு அப்படியே பொருந்துகிறது. இதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. நியோ ஜியோ திரையில் அகலத்தில் 320 புள்ளிகளும் உயரத்தில் 224 புள்ளிகளும்தான் இருந்தன. அதில் ஒரு பாத்திரத்துக்குக் கிடைப்பது மிகச் சிறிய இடம். அந்த இடத்துக்குள் சிரிப்பும் பயமும் அழுகையும் தெரிய வேண்டுமானால் தலையும் கண்ணும் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். குறைந்த புள்ளிகளின் கட்டாயமும் 'கவாயி' என்ற, குட்டித்தனமான அழகை விரும்பும் ஜப்பானிய ரசனையும் இங்கே ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி நிட்டோனோவின் குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே கவனிக்கத்தக்கது. சிறு துளைகளுக்குள் இருக்கும் பொருட்களை, ஓரத்தில் படாமல் இடுக்கியால் எடுக்கும் வேலை மாணவர்களுக்குத் தரப்பட்டது. இடையில் சிலருக்கு நாய்க்குட்டி, பூனைக்குட்டிப் படங்களும் சிலருக்கு வளர்ந்த நாய், பூனைப் படங்களும் காட்டப்பட்டன. குட்டிகளின் படங்களைப் பார்த்தவர்கள் அதன் பிறகு கூடுதல் கவனத்தோடு வேலையைச் செய்தார்கள். வீடியோ கேம்களை வைத்து நடத்திய ஆய்வு இல்லை என்றாலும், நுணுக்கமான குறி கேட்கும் ஒரு விளையாட்டில் குட்டி முகங்கள் இருப்பது வெறும் அலங்காரம் ஆகாது என்று நினைக்க இது இடம் தருகிறது.

பஸில் பாபுளில் அழகான ஒவ்வொரு அசைவும் ஒரு செய்தியைச் சுமந்திருக்கிறது. ஜாய்ஸ்டிக்கை அசைத்ததும் டிராகன் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுகிறது; அம்புக்குறி திரும்புவதை அதை வைத்தே உணரலாம். கூரை இறங்கப்போகிறது என்றால் தொங்கும் குமிழிகள் நடுங்கத் தொடங்கும். இறங்கும் கணம் நெருங்க நெருங்க நடுக்கம் கூடும். எண்களைக் காட்டும் ஒரு கடிகாரம் செய்ய வேண்டிய வேலையை அந்த நடுக்கம் செய்துவிடுகிறது. ஆடுபவர் கண்ணைக் குறியிலிருந்து எடுக்க வேண்டியதே இல்லை. வென்றால் டிராகன் துள்ளும், தோற்றால் அழும். ஒரு சொல்லும் படிக்கத் தெரியாதவருக்கும், ஜப்பானிய மொழியோ ஆங்கிலமோ அறியாதவருக்கும் எல்லாம் விளங்கிவிடும். டோக்கியோவில் உருவான விளையாட்டு, மொழி எல்லை தாண்டிப் பல நாடுகளுக்குப் போனதற்கு இதுவே வழி செய்தது.

அழகுக்கு இன்னொரு பணியும் இருக்கிறது. தோல்வியின் கசப்பை அது குறைக்கிறது. சண்டை விளையாட்டில் தோற்றவர் அடிபட்டுக் கிடக்கும் தன் வீரனைப் பார்க்கிறார். இங்கே தோற்றவர் பார்ப்பது, அழுதுகொண்டிருக்கும் ஒரு குட்டி டிராகனை. அதைச் சமாதானப்படுத்த வேண்டும் என்ற எண்ணமே மறுபடியும் ஆடத் தூண்டுகிறது. கண்டிப்பான விதிகளை வைத்துக்கொண்டே அன்பான முகத்தைக் காட்ட இந்த விளையாட்டால் முடிந்திருக்கிறது.

எதிரெதிராக இருவர்

தனியாக ஆடும்போது 30 சுற்றுகள். ஒவ்வொன்றிலும் குமிழிகள் வேறொரு வடிவில் அடுக்கப்பட்டிருக்கும். இரண்டாவது நாணயம் விழுந்தால் திரை இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் பப், மறுபக்கம் பாப். பபுள் பாபுளில் தோளோடு தோள் நின்ற சகோதரர்கள் இங்கே எதிராளிகள். ஒருவர் ஒரு கொத்தை அறுத்து வீழ்த்தினால், அதற்கேற்ற குமிழிகள் மற்றவர் பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். தனி ஆட்டத்தில் புள்ளிகளாக வந்த அதே பலன், இருவர் ஆட்டத்தில் தாக்குதலாக மாறுகிறது.

தேர்ந்தவரும் புதியவரும் சேர்ந்து ஆடக்கூடிய ஆட்டமாக இது இருப்பதற்கு எதிர்த்தாக்குதலுக்கான வாய்ப்பு உதவுகிறது. எதிராளி அனுப்பிய குமிழிகள் தொல்லை மட்டும் தருவதில்லை. திருப்பித் தாக்குவதற்கான சரக்கும் ஆகின்றன. மேலே தாங்கும் இடம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால், வந்தவை அத்தனையும் ஒரே அடியில் திரும்பிப் போகும். தோற்றுக்கொண்டிருப்பவர் கடைசி நொடியில் ஜெயிப்பது இதில் அடிக்கடி நடக்கும். அண்ணனும் தங்கையும், காதலர்களும், அலுவலக நண்பர்களும் ஒரே இருக்கையில் நெருங்கி உட்கார்ந்து ஆட ஏற்ற விளையாட்டு இது. துணையோடு வரச் சொன்ன மிட்சுஜியின் எண்ணம், எட்டு ஆண்டுகள் கழித்து வேறொரு வடிவத்தில் தொடர்ந்தது.

கணினியையும் திணறவைக்கும் புதிர்

குழந்தைத்தனமான தோற்றத்துக்குப் பின்னால் எவ்வளவு கடினமான புதிர் இருக்கிறது என்பதைக் கணினி அறிவியல் நிரூபித்திருக்கிறது. எரிக் டெமெய்ன், ஸ்டெஃபான் லாங்கர்மான் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2015-ல் பஸில் பாபுளை எடுத்து ஆராய்ந்தார்கள். குமிழிகளின் தொடக்க அடுக்கும், அடுத்து வரப்போகும் எல்லாக் குமிழிகளின் நிறமும் முன்கூட்டியே தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அவற்றைக் கொண்டு எல்லாவற்றையும் தீர்த்துவிட முடியுமா முடியாதா என்று சொல்ல வேண்டும். இது 'என்பி-கம்ப்ளீட்' என்ற வகையைச் சேர்ந்த கணக்கு என்று அவர்கள் நிறுவினார்கள்.

அதன் பொருள் இதுதான். யாராவது ஒரு தீர்வைக் கையில் கொடுத்தால் அது சரியா என்று எளிதில் சோதித்துவிடலாம். ஆனால் தீர்வு உண்டா என்று எல்லா நிலைகளிலும் விரைவாகக் கண்டுபிடிக்கும் வழிமுறை இதுவரை யாருக்கும் தெரியாது. குமிழிகள் கூடக் கூட, சோதிக்க வேண்டிய சாத்தியங்கள் கட்டுக்கடங்காமல் பெருகும். டெட்ரிஸ் குறித்தும் இதேபோன்ற முடிவு 2002-ல் வெளியாகியிருந்தது. விடுமுறை நாளில் சிறுவர்கள் ஆடும் இந்த ஆட்டம், கணினி அறிவியலின் மிகக் கடினமான கணக்குகளின் வரிசையில் இடம்பெற்றிருக்கிறது. மனித ஆட்டக்காரர் முழுத் தீர்வையும் தேடுவதில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒரு பலவீனமான இடத்தைப் பிடித்து, அதை அறுத்து, அடுத்ததைத் தேடுகிறார். அந்தக் கணநேர ஊகத்தின் சுகம்தான் ஆட்டத்தின் சுகம்.

வாரிசுகள்

வீட்டுக் கருவிகளுக்கு இந்த விளையாட்டு விரைவில் வந்தது. சூப்பர் ஃபாமிகாம், கேம் கியர் போன்ற கருவிகளில் ஆர்கேடுக்குப் போகாதவர்களும் அதைச் சந்தித்தார்கள். 1995-ல் இரண்டாம் பாகம் வந்தது. அதில் ஆடுபவரே அடுத்த பாதையைத் தேர்ந்தெடுக்கலாம். நான்காம் பாகத்தில் கப்பியில் தொங்கும் அடுக்குகள் வந்தன. ஒரு பக்கம் எடை குறைந்தால் மறுபக்கம் கீழே இறங்கும். டைட்டோ 2005-ல் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போன பிறகும் தொடர் நிற்கவில்லை. 2023-ல் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கு 'பஸில் பாபுள் எவ்ரிபபுள்' வந்தது. அதில் குமிழிகளுக்குப் பதிலாக ஸ்பேஸ் இன்வேடர்ஸ் எதிரிகள் இறங்கி வரும் ஓர் ஆட்டமும் இருக்கிறது. டைட்டோவின் முதல் பெரும்வெற்றியும் அதன் செல்லப் பிள்ளைகளும் ஒரே திரையில் சந்தித்துக்கொண்டார்கள்.

டைட்டோவுக்கு வெளியேயும் இந்த யோசனை பரவியது. 1996-ல் அமெரிக்காவின் டேவ் டாப்சன் உருவாக்கிய 'ஸ்னூட்' நேர நெருக்கடியை எடுத்துவிட்டு, நிதானமாக யோசித்து ஆடும் வடிவத்தைத் தந்தது. 2002-ல் வந்த 'ஃப்ரோசன் பபுள்' டிராகன்கள் இருந்த இடத்தில் பென்குயின்களை வைத்தது. கட்டற்ற மென்பொருளாக வெளியானதால் லினக்ஸ் கணினி வைத்திருந்தவர்களுக்கு அது நன்கு அறிமுகம். 2011-ல் கிங் நிறுவனம் 'பபுள் விட்ச் சாகா' விளையாட்டை ஃபேஸ்புக்கில் வெளியிட்டது. அடுத்த ஆண்டு 'கேண்டி க்ரஷ் சாகா' மூலம் உலகப் புகழ் பெற்றதும் இதே நிறுவனம்தான். ஸ்மார்ட்ஃபோன் பெருகியபோது, பஸ்ஸிலும் ரயிலிலும் மருத்துவமனை வரிசையிலும் ஆடும் விளையாட்டாகப் பபுள் ஷூட்டர் மாறிவிட்டது. தமிழ்நாட்டில் அதை ஆடும் பலருக்கு அந்தக் குமிழிகளின் பூர்வீகம் ஜப்பானிய ஆர்கேட் என்பது தெரிந்திருக்காது.

விதி மாறவில்லை, வியாபாரம் மாறிவிட்டது. நாணயம் போடும் இயந்திரத்தில் கணக்கு வெளிப்படை. ஒரு நாணயத்துக்கு ஓர் ஆட்டம். திறமை இருந்தால் அதே நாணயத்தில் நீண்ட நேரம் ஆடலாம். இன்றைய இலவசக் கைப்பேசி விளையாட்டுகள் பலவற்றில் உயிர்கள் தீர்ந்ததும் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பணம் கட்ட வேண்டும், அல்லது விளம்பரம் பார்க்க வேண்டும். சிக்கலான சுற்றில் மாட்டிக்கொண்டவருக்கு விசேஷ குமிழிகள் விலைக்கு நீட்டப்படுகின்றன. அதை வாங்கித் தீர்த்த சுற்றில், ஓரமாக நழுவவிட்ட ஒரு மஞ்சள் குமிழியால் பன்னிரண்டை வீழ்த்திய மகிழ்ச்சி கிடைக்காது. அந்த மகிழ்ச்சி முழுக்க முழுக்கத் தன் கண்ணாலும் கையாலும் சம்பாதித்ததாக இருக்கும்போதுதான் இனிக்கிறது.

நல்ல வடிவமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் பஸில் பாபுள் இன்றும் சிறந்த பாடம். அதில் கூடுதலாக எதுவும் இல்லை. நீக்கக்கூடியதும் எதுவும் இல்லை. குட்டி டிராகன் முதல் நடுங்கும் குமிழி வரை ஒவ்வொன்றும் ஆட்டத்துக்காகவே உழைக்கிறது. வீட்டில் பிள்ளைகள் கைப்பேசியில் குமிழி வெடித்துக்கொண்டிருந்தால், அதன் மூல விளையாட்டை அவர்களோடு சேர்ந்து ஒருமுறை ஆடிப் பாருங்கள். எதிரே இருக்கும் நிறத்தை வெடிப்பதில் அவசரப்படாமல், எல்லாவற்றையும் தாங்கி நிற்பது எது என்று முதலில் தேடச் சொல்லுங்கள்.